ஆபிரிக்க வனப் பயணம்: பெட்டி கட்டுமுன் கவனிக்க வேண்டிய உடல்நல விடயங்கள்

விடுமுறை வந்தால் ஊருக்குப் போவது, இல்லையேல் உறவினர் வாழும் இன்னொரு நாட்டுக்குப் போவது என்றிருந்த எம்மவர்கள் இப்போது புதிய இடங்களையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். தொலைக்காட்சியில் சிங்கத்தையும் யானைக் கூட்டத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் "அதை நேரில பாக்கவேணும்" என்று கேட்கிறார்கள். அம்மம்மா, அப்பப்பா உட்பட எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து தென்னாபிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போய்வரும் குடும்பங்களும் உண்டு. விமானச் சீட்டு, தங்குமிடம், வாகனம், கமரா என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஆராயும் நாம், உடல்நலம் பற்றிய யோசனையைப் புறப்படுவதற்கு முதல் வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். சில தடுப்பு மருந்துகளுக்கு அந்த ஒரு வாரம் போதாது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

குரூகர் பூங்கா 1926ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 19,500 சதுர கிலோமீற்றர். யால வனத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்வதானால், அதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. இங்கே எமது சொந்த வாகனத்தையோ வாடகை வாகனத்தையோ நாமே ஓட்டிச் செல்லலாம், முகாம்களில் சமைத்துச் சாப்பிடலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது மிகவும் வசதி. ஆனால் பூங்கா மலேரியா உள்ள தாழ்நிலப் பகுதியில் இருக்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது?

குரூகர் பகுதியில் செப்ரெம்பர் முதல் மே வரை மலேரியாக் காலம். மழை பெய்து நீர் தேங்கியபின் நுளம்பு பெருகும். யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்கள் அங்கே குளிர்காலம், மழையற்ற காலம். அப்போது நோய்ப் பயம் மிகக் குறைவு. புல் காய்ந்து தாழ்ந்திருப்பதாலும், விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வருவதாலும் பார்ப்பதற்கும் அதுவே நல்ல காலம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகளின் கோடை விடுமுறை அதே நேரத்தில் வருவது எமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நத்தார் விடுமுறைக்கோ ஈஸ்ரர் விடுமுறைக்கோ போனால் வெயில் 35 பாகையைத் தாண்டும், நுளம்பும் இருக்கும், உயர்ந்த புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கத்தைக் காண்பதும் கடினம். வேறு வழியில்லை என்றால் ஒழிய, குடும்பங்களுக்கு யூலை மாதத்தையே நான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: அந்த மாதங்களில் விடியற்காலை நல்ல குளிர். ஆபிரிக்கா என்றால் எப்போதும் கொதிக்கும் என்று நினைத்து மேலங்கி எடுக்காமல் போகவேண்டாம்.

கர்ப்பிணிகள் மலேரியாப் பகுதிகளுக்குப் போவதைத் தவிர்க்கும்படிதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் கடுமை, கருவுக்கும் ஆபத்து. மிகச் சிறிய குழந்தைகளையும் தவிர்ப்பது நல்லது. இவர்களோடு பயணம் செய்யத்தான் வேண்டும் என்றால் தென்னாபிரிக்காவிலேயே மலேரியா இல்லாத பூங்காக்கள் இருக்கின்றன. ஜொகனஸ்பேர்க்கிலிருந்து சில மணி நேரத்தில் போகக்கூடிய பிலானெஸ்பேர்க், தெற்கே போர்ட் எலிசபெத் பக்கமுள்ள அடோ யானைப் பூங்கா ஆகியவற்றில் யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் உண்டு. மாத்திரையும் வேண்டாம், மனப்பயமும் வேண்டாம். போர்ட் எலிசபெத்துக்கு 2021இல் கெபெர்கா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். விமானச் சீட்டில் அந்தப் பெயரைக் கண்டு குழம்பாதீர்கள்.

"எங்களுக்கு மலேரியா பழகினது"

எம்மவர் வாயில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. வன்னியிலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் வாழ்ந்தவர்கள் பலர் ஒரு முறையாவது மலேரியாவில் படுத்தவர்கள். குளோரோகுயின் மாத்திரையின் கசப்பை இன்னும் மறக்காதவர்கள். "அதெல்லாம் எங்கட உடம்புக்குத் தெரிஞ்ச வருத்தம்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த எண்ணத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. மலேரியா தீவிரமாகப் பரவும் இடத்தில் திரும்பத் திரும்ப நோய்க்கு ஆளானவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருவது உண்மைதான். ஆனால் அது முழுமையானதல்ல. அந்த இடத்தை விட்டு வந்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். இருபது, முப்பது வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சல் இன்று எவரையும் காப்பாற்றாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கோ அந்த ஓரளவு கூட இல்லை.

இரண்டாவது, இரண்டு இடத்து மலேரியாவும் ஒன்றல்ல. இலங்கையில் பெரும்பாலும் இருந்தது வைவக்ஸ் என்னும் வகை. மிகவும் வருத்தும், திரும்பத் திரும்ப வரும், ஆனால் உயிரைக் கொண்டுபோவது அரிது. குரூகர் பகுதியில் காணப்படுவது பல்சிபாரம் என்னும் வகை. இது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. வைத்தியம் தொடங்காவிட்டால் ஒரே நாளில் கூட நிலைமை மோசமாகலாம். குளோரோகுயின் இதற்கு இப்போது வேலை செய்யாது. பழைய மாத்திரை வீட்டில் கிடக்கிறது என்று எடுத்துச் செல்லவேண்டாம்.

1934, 35ஆம் ஆண்டுகளில் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட நோயை இலங்கை முற்றாக ஒழித்து, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழையும் பெற்றுவிட்டது. அதனால் இப்போது ஊரில் வளரும் இளம் பிள்ளைகளும் மலேரியாவை அறியாதவர்களே. அவர்களை ஊரிலிருந்து அழைத்துச் சென்றாலும் இதே கவனம் வேண்டும்.

மாத்திரைகள்

புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் குடும்ப வைத்தியரிடமோ பயண மருத்துவ நிலையத்திலோ நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியாத் தடுப்புக்கு மூன்று வகை மாத்திரைகள் வழக்கத்தில் உள்ளன. எது யாருக்கு என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனாலும் அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதை நாம் தெரிந்திருக்க வேண்டும்.

அற்றோவாகுவோன், புரோகுவானில் இரண்டும் சேர்ந்த மாத்திரை மலரோன் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, அங்கிருக்கும் நாளெல்லாம் தினமும் எடுத்து, வந்தபின் 7 நாள் தொடரவேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் சரியாக உறிஞ்சப்படாது. சாப்பாட்டுடனோ பாலுடனோ எடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு நிறையைப் பொறுத்துச் சிறிய மாத்திரை உண்டு. விலை சற்று அதிகம். பத்துப் பேர் போகும் குடும்பத்துக்கு அது ஒரு செலவுதான், ஆனால் குறுகிய பயணத்துக்கு இதுவே வசதி.

டொக்சிசைக்கிளின் மலிவானது. இதையும் ஓரிரு நாள் முன் தொடங்கலாம், ஆனால் வந்தபின் 4 வாரம் எடுக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை (வயது எல்லை சில நாடுகளில் 8, சிலவற்றில் 12). இதை எடுப்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் கருகும். படுக்கைக்குப் போகும் நேரத்தில் ஒரு மிடறு தண்ணீருடன் விழுங்கிவிட்டுப் படுத்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கும். நிறையத் தண்ணீருடன், நிமிர்ந்திருந்து எடுக்கவேண்டும்.

மெவ்லோகுயின் வாரம் ஒரு முறை எடுப்பது. மனச்சோர்வு, பதகளிப்பு, வலிப்பு ஆகியவை எப்போதாவது இருந்தவர்களுக்கு இது ஆகாது. எமது சமூகத்தில் மனநலம் பற்றி வைத்தியரிடம் கூடச் சொல்லத் தயங்குவார்கள். போர்க்காலத்தின் பாதிப்பால் நித்திரையின்றித் தவித்தவர்கள், மருந்தெடுத்தவர்கள் எத்தனையோ பேர். இந்த இடத்தில் அதை மறைத்தால் மாத்திரையே துன்பமாகிவிடும். அதேபோல் இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்களும் அதைத் தவறாமல் சொல்லவேண்டும். இந்த மாத்திரைகள் அதன் வேலையைக் குழப்பக்கூடும்.

நடைமுறையில் மருந்தின் குறையை விட எங்கள் குறையே பெரிது. வீடு வந்து சேர்ந்ததும் "இனி என்ன?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கடைசி நாள் கடித்த நுளம்பின் கிருமி உடலுக்குள் இருக்கும்போதே நிறுத்தினால் அதுவரை எடுத்ததற்குப் பயனில்லாமல் போய்விடும்.

எந்த மாத்திரையும் நூறு வீதம் காப்பதில்லை. ஆகவே கடிபடாமல் இருப்பதே முதற் காவல். மலேரியா நுளம்பு மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை கடிக்கும். அதாவது, முகாமில் விறகடுப்பு மூட்டி எல்லோரும் வெளியில் உட்கார்ந்து கதைக்கும் நேரம். அப்போது நீளக் காற்சட்டை, நீளக் கை, காலுறை அணியுங்கள். 'டீட்' 20 முதல் 50 வீதம் கலந்த களிம்பையோ தெளிப்பானையோ வெளியில் தெரியும் தோலில் பூசுங்கள். வெயில் தடுப்புக் களிம்பும் பூசுவதானால் அதை முதலில் பூசி, இதை மேலே பூசவேண்டும். வேப்பெண்ணெய், உள்ளி, விற்றமின் பி மாத்திரை என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். பல்சிபாரம் இருக்கும் இடத்தில் இவற்றை நம்பி இருக்க முடியாது.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ்

பயண முகவர்கள் சிலர் கூடச் சரியாகச் சொல்லாத விடயம் இது. தென்னாபிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. நேராகப் போய் நேராக வந்தால் தடுப்பூசி தேவையில்லை. ஆனால் கென்யா, உகண்டா, எதியோப்பியா போன்ற, நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் தென்னாபிரிக்கா சான்றிதழ் கேட்கும். அந்த நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மாறினாலும் கேட்கும். மலிவான சீட்டு என்று அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ பதிவு செய்பவர்கள் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

கென்யாவின் மசாய் மாராவைப் பார்த்துவிட்டு அப்படியே சென்னைக்கோ கொழும்புக்கோ போக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இந்தியாவும் இலங்கையும் இந்தச் சான்றிதழைக் கேட்கின்றன. இல்லாமல் போய் இறங்கினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 யூலைக்குப் பிறகு ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். பழைய சான்றிதழில் பத்து வருடம் என்றிருந்தாலும் பரவாயில்லை.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். வயதான பெற்றோருக்கு ஊசி போடுவதா, அல்லது பாதையை மாற்றிப் பதிவு செய்வதா என்று கேட்டால், சீட்டு வாங்குமுன் பாதையை மாற்றுவதே இலகு.

இவை தவிர ஈரல் அழற்சி 'ஏ', ரைபொயிட், ஏற்பு வலி, போலியோ ஆகியவற்றுக்கான ஊசிகள் காலாவதியாகவில்லையா என்றும் அதே சந்திப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

முதியவர்கள், நீரிழிவு, மலசலகூடம்

பயண நூல்கள் எழுதாத விடயம், ஆனால் எங்கள் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. குரூகரில் முகாம்களிலும் குறிப்பிட்ட சில தரிப்பிடங்களிலும் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. தார் வீதியில் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர், மண் வீதியில் 40. ஸ்குகூசா முகாமிலிருந்து சற்றாரா முகாமுக்கு 90 கிலோமீற்றருக்கு மேல். வழியில் யானைக் கூட்டம் மறித்தால் நான்கு மணி நேரமும் ஆகலாம். இடையில் சொக்வானே என்ற தரிப்பிடத்தில் மலசலகூடம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு நீர்போக்கும் மாத்திரை எடுப்பவர்கள், புரொஸ்ரேற் பிரச்சினை உள்ள ஆண்கள், நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு இந்த நான்கு மணி நேரம் பெரும் சோதனை. அவசரத்துக்குப் பற்றைக்குப் பின்னால் போகலாம் என்ற ஊர்ப் பழக்கம் இங்கே உயிராபத்து.

இதற்குப் பயந்து எங்கள் பெரியவர்கள், குறிப்பாக அம்மாமார், தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வெயிலில் அது தலைசுற்றலையும் சிறுநீர்க் கிருமித் தொற்றையும் கொண்டுவரும். வரைபடத்தில் மலசலகூடம் உள்ள இடங்களை முதல்நாள் இரவே குறித்து, ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். நீர்போக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் எடுப்பது என்று வைத்தியரிடம் முன்பே கேட்டு வையுங்கள். எதைப் பார்த்தோம் என்பதை விட எங்கே நின்றோம் என்பதே அம்மம்மாவின் பயணத்தைத் தீர்மானிக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் பிந்துவது இன்னொரு சிக்கல். விடியற்காலை 6 மணிக்கு வாயில் திறந்ததும் புறப்பட்டால் காலைச் சாப்பாடு எப்போது என்று சொல்லமுடியாது. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி திடீரென இறங்கும். குளுக்கோசு, பிஸ்கட், வாழைப்பழம் வாகனத்துக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பின்பெட்டியில் அல்ல. ஓட்டுபவர் நீரிழிவுக்காரர் என்றால் இரட்டிப்புக் கவனம். இன்சுலினைக் குளிர்ப்பையில் வைத்திருங்கள். நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் வெயிலில் கெட்டுப்போகும். முகாம் குடில்களில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. எல்லா மருந்துகளையும் கைப்பையில், வைத்தியரின் கடிதத்துடன் கொண்டு செல்லுங்கள்.

உண்ணியும் குரங்கும்

குரூகரிலிருந்து திரும்பும் பயணிகளுக்கு வரும் இன்னொரு காய்ச்சல் உண்ணிக் காய்ச்சல். புல்லுக்குள் நடந்தவர்களுக்கு வரும். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, பக்கத்தில் நெறிக்கட்டு, தலையிடி, காய்ச்சல். பயப்படத் தேவையில்லை, டொக்சிசைக்கிளின் கொடுத்தால் குணமாகும். ஆனால் அந்தப் பொருக்கை வைத்தியருக்குக் காட்டவேண்டும். தொடையிடுக்கில் இருக்கிறது என்று வெட்கப்பட்டுக் காட்டாமல் விடுபவர்களே அதிகம் சிரமப்படுகிறார்கள். நடை முடிந்து வந்ததும் உடல் முழுக்கப் பாருங்கள். நீரிழிவுக்காரர் பாதங்களையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

முகாம்களில் குரங்குகளும் பபூன்களும் சாப்பாட்டைப் பறிக்க வரும். கோவில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்த பழக்கத்தில் பிள்ளைகளைக் கொடுக்க விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல. அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள். ஏசமாட்டோம் என்று முன்பே சொல்லி வையுங்கள். ஆறு குளங்களில் முதலையும் நீர்யானையும் மட்டுமல்ல, நத்தையால் பரவும் பில்ஹார்சியாவும் உண்டு. கால் நனைப்பதும் வேண்டாம்.

சாப்பாடு பெரிய பிரச்சினையல்ல. அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் தென்னாபிரிக்கக் கடைகளில் வாங்கலாம். 1860இல் சென்னையிலிருந்து முதற் கப்பல் போய்ச் சேர்ந்த நாள் முதல் தமிழர் வாழும் டேர்பன் நகரம் அந்த நாட்டில்தான் இருக்கிறது, மிளகாய்த்தூளுக்கும் குறைவில்லை. கையால் சாப்பிடும் நாம் கை கழுவும் இடம் இல்லாத வழியில் கிருமிநாசினித் திரவம் வைத்திருக்கவேண்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பொதிகள் சில எடுத்துச் செல்லுங்கள். மெற்போமின் எடுப்பவர்களுக்கு வயிற்றோட்டமும் வாந்தியும் தொடர்ந்தால், மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

வீடு வந்தபின் காய்ச்சல்

மலேரியா கடித்த அன்றே வருவதில்லை. குறைந்தது ஏழு நாள் செல்லும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரை, அரிதாக அதற்குப் பின்னும் வரலாம். தலையிடி, உடல் நோவு, குளிர் நடுக்கம், சிலருக்கு வாந்தி, வயிற்றோட்டம். பார்க்கத் தடிமன் காய்ச்சல் போலவே இருக்கும். குளிர் நாடுகளில் உள்ள வைத்தியர்கள் பலர் மலேரியாவை வருடத்தில் ஒரு முறையும் காண்பதில்லை; நாமாகச் சொல்லாவிட்டால் பரசிற்றமோல் எழுதி அனுப்பிவிடக்கூடும்.

ஆகவே பயணம் முடிந்து மூன்று மாதத்துக்குள், ஏன் ஒரு வருடத்துக்குள் என்றாலும், காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பாப்பம்" என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுக்கவேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போய், இரவானால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மலேரியா இரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதற் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டாலும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் அடுத்த இரண்டு நாட்களுக்குள் மீண்டும் செய்யவேண்டும். மாத்திரை ஒழுங்காக எடுத்தேன் என்பது பரிசோதனை வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

தனியாக வாழும் பெற்றோரும் உங்களுடன் வந்திருந்தால், நாட்டின் பெயர், மலேரியாப் பகுதி, திரும்பிய திகதி, எடுத்த மாத்திரை ஆகிய நான்கையும் நீங்கள் வாழும் நாட்டு மொழியில் ஒரு சிறு அட்டையில் எழுதி அவர்களின் பணப்பைக்குள் வைத்துவிடுங்கள். மொழி தெரியாத அம்மா அந்த அட்டையை நீட்டினால் போதும்.